மகிழ்ச்சி வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு என்ன கிடைக்கிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: டெல்லி அரசுப் பள்ளிகளில் தினமும் ஒரு பீரியடை மகிழ்ச்சிக்கென்றே ஒதுக்கினார்களே, அப்படி ஒன்று நம் பள்ளிக்கும் வந்தால் ஆசிரியருக்கு அது நிம்மதியா, இன்னொரு சுமையா? கடைசியில் ஒரு வரியும் எழுதியிருந்தீர்கள்: "நீங்க நல்லா இருக்கீங்களா டீச்சர்னு எங்களை யாருமே கேட்கிறதில்லை." அந்த வரியைப் படித்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். ஆசிரியர் பயிற்சியில் பல வருடம் கழித்தவன் நான். டெல்லிப் பள்ளிகள் சிலவற்றில் பின்பெஞ்சில் உட்கார்ந்து இந்த வகுப்புகளைப் பார்த்தும் இருக்கிறேன்.

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மகிழ்ச்சி வகுப்பு முதலில் தொடுவது ஆசிரியரைத்தான், பிள்ளைகளை அதற்கு அப்புறம். ஆசிரியருக்கு அந்த அனுபவத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வகுப்பை எடுக்கச் சொன்ன இடங்களில் அது அவருக்கு நல்லது செய்திருக்கிறது. கையேட்டை மட்டும் கொடுத்து எடுக்கச் சொன்ன இடங்களில் அது சுமைதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

டெல்லியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 2018 ஜூலை 2ஆம் தேதி தியாகராஜ் அரங்கில் தலாய் லாமா இந்தப் பாடத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் மணீஷ் சிசோடியா. நர்சரி முதல் 8ஆம் வகுப்பு வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது, வீட்டுப்பாடமும் கிடையாது. நர்சரி, கே.ஜி. பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு முறை, மற்றவர்களுக்குத் தினமும் சுமார் 40 நிமிடம். திங்கட்கிழமை மனதைக் கவனிக்கும் பயிற்சி, அப்புறம் இரண்டு நாள் கதை, இரண்டு நாள் செயல்பாடு, சனிக்கிழமை பிள்ளைகள் தாங்கள் கவனித்ததைச் சொல்லும் நாள். எல்லா நாளும் தொடக்கத்தில் சில நிமிடம் கண்மூடி அமைதி, முடிவில் ஓரிரு நிமிடம் அமைதி.

இதன் அடியில் இருக்கும் சிந்தனை, மத்தியப் பிரதேசத்தின் அமர்கண்டக்கில் வாழ்ந்த ஏ. நாகராஜ் என்பவருடையது. மகிழ்ச்சியை மூன்று படியாகப் பார்க்கிறார்கள். ஜிலேபி சாப்பிடும்போது வருவது கணநேர மகிழ்ச்சி. அன்பும் நன்றியும் நம்பிக்கையும் உள்ள உறவில் வருவது அதைவிட ஆழமானது. ஒன்றைப் புரிந்துகொண்டு, தன்னையும் புரிந்துகொண்டு வாழ்வதில் வருவது நிலைத்தது. பிள்ளையைச் சிரிக்க வைப்பது இந்த வகுப்பின் நோக்கம் அல்ல என்பது இதிலிருந்தே தெரியும். (தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2024இல் வந்த 'மகிழ் முற்றம்' வேறு. அது குறிஞ்சி, முல்லை என்று ஐந்திணைப் பெயரில் பிள்ளைகளை அணிகளாகப் பிரிக்கும் ஏற்பாடு. பெயர் ஒற்றுமையால் சிலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

உங்கள் தலைமுறைக்கு நீதிபோதனை வகுப்பு நினைவிருக்கும். வாரத்தில் ஒரு பீரியட். பாதி நாள் கணக்கு சார் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். மீதி நாள் ஒரு கதை சொல்லி, "இதிலிருந்து நாம் அறியும் நீதி என்ன?" என்று கேட்டு, நீதியையும் ஆசிரியரே சொல்லிவிடுவார். டெல்லி கையேடு இந்த இடத்தில்தான் ஆசிரியரின் கையைக் கட்டியது. கதை சொல்லுங்கள், கேள்வி கேளுங்கள், நீதி சொல்லாதீர்கள். பிள்ளை சொல்வதைச் சரி, தப்பு என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். படிக்கும்போது இது சாதாரணமாகத் தெரியும். சாக்பீஸ் பிடித்துப் பழகிய ஒருவருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பதை வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு, மே மாத வெயில். டீச்சருக்கு இருபது வருட சர்வீஸ், எந்நேரமும் கையில் சிவப்புப் பேனா இருக்கும். கதை முடிந்தது. "உங்க வீட்ல எல்லோரும் சேர்ந்து சந்தோஷமா இருந்தது எப்போ?" என்று கேட்டார். தீபாவளி, பிறந்தநாள், ஊருக்குப் போனது என்று வழக்கமான பதில்கள். கடைசி வரிசையில் ஒரு பையன், வருடம் முழுக்க வாயே திறக்காதவனாம், எழுந்து நின்று, "கரண்ட் போகும்போது" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சரின் கை பாதி உயர்ந்துவிட்டது. திருத்தப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கை அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. "ஏன்?" என்று மட்டும் கேட்டார். கரண்ட் போனால் டி.வி. நின்றுவிடும், அப்பாவின் போனில் சார்ஜ் இருக்காது, எல்லோரும் மொட்டை மாடிக்கு வந்துவிடுவார்கள், அம்மா விசிறிக்கொண்டே பேசுவாள் என்றான். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மதியம் ஸ்டாஃப் ரூமில் அந்த டீச்சர் என்னிடம் சொன்னதன் சாரம் இது. இத்தனை வருடமாகப் பிள்ளைகள் பேசும்போது தான் கேட்டது பதிலை அல்ல, பதிலில் இருக்கும் தப்பைத்தான். இந்த வகுப்பு வந்து ஆறேழு மாதம் கழித்து, வீட்டில் மகள் பேசும்போதும் தன் காது மாறியிருப்பதைக் கவனித்தாராம். கணக்குப் பீரியடிலும் தப்பாகப் போட்ட பிள்ளையிடம், "எப்படி இந்த விடை வந்துச்சு, சொல்லு" என்று கேட்கிறாராம். முன்பு சிவப்பில் ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவாராம்.

ஒரு டீச்சர் சொன்னதை வைத்து ஊருக்கே முடிவு சொல்ல முடியாது. ஆனால் டெல்லித் திட்டத்தைப் பற்றி புரூக்கிங்ஸ் நிறுவனமும் ட்ரீம் எ ட்ரீம் அமைப்பும் சேர்ந்து செய்த ஆய்விலும் இதே சாயல் இருக்கிறது. பிள்ளைகளோடு உறவு நெருக்கமானது, மதிப்பெண்ணுக்கு மேலாகப் பண்புகளைப் பார்க்கத் தொடங்கினோம் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். இவை அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னவை, அந்த அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட உறுதியான சான்று இங்கிலாந்திலிருந்து வந்தது. என்னை நிறைய யோசிக்க வைத்த ஆய்வு அது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தியது. 85 பள்ளிகள், 11 முதல் 13 வயது வரையிலான 8,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். சீட்டுக் குலுக்குவது போலப் பள்ளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) வகுப்புகள், மறுபாதியில் வழக்கமாக நடப்பதே. 2022இல் முடிவு வந்தது. மாணவர்களின் மனச்சோர்விலோ நலத்திலோ, பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. பல பேருக்கு வகுப்பு அலுப்பாக இருந்தது.

ஆனால் ஆசிரியர்கள் பக்கம் மாற்றம் தெரிந்தது. அவர்களின் பணிச் சோர்வு குறைந்திருந்தது, பள்ளியின் சூழலிலும் முன்னேற்றம் இருந்தது. ஏன் அப்படி? வகுப்பெடுக்கும் முன் அந்த ஆசிரியர்கள் தங்களுக்காகவே எட்டு வாரப் பயிற்சி ஒன்றைச் செய்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது அதற்குப் பிறகு வந்த தனிப் பயிற்சி. அதாவது எட்டு வாரம் யாரோ அவர்களை உட்கார வைத்து, 'இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது' என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரிதான்! ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பலனில் பெரும்பகுதி கரைந்திருந்தது. அதுவும் பாடம்தான். ஒருமுறை பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது, தொடர்ந்து தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆசிரியருக்கு என்று தனியாகக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருமா? நியூயார்க்கில் 36 தொடக்கப் பள்ளிகளில் 224 ஆசிரியர்களை வைத்துப் பாட்ரிஷியா ஜென்னிங்ஸ் குழு செய்த ஆய்வு 2017இல் வெளியானது. அதில் மாணவர்களுக்குப் பாடமே கிடையாது. ஆசிரியர்களுக்கு மட்டும் சுமார் 30 மணி நேரப் பயிற்சி: கோபம் உடம்பில் எங்கே ஏறுகிறது என்று கவனிப்பது, மூச்சைக் கவனிப்பது, அக்கறையோடு கேட்பது. அவர்களின் மன உளைச்சல் குறைந்தது. அதோடு, வெளியிலிருந்து வந்து வகுப்பைப் பார்த்தவர்கள், அந்த வகுப்பறைகளில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மன ஆதரவும் கூடியிருக்கிறது என்று பதிவு செய்தார்கள். பயிற்சி கொடுத்தது டீச்சருக்கு, மாறியது வகுப்பு.

நல்ல பக்கம் இது. சுமைப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பயம் நியாயமானது.

ஒரு பள்ளியில் நான் பார்த்தது இன்னும் மனதை உறுத்துகிறது. பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளைக் கண்மூடி உட்கார வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அந்த வகுப்பு டீச்சருக்கு அம்மா இறந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. லீவு முடிந்து வந்த முதல் வாரம். மகிழ்ச்சி வகுப்பில் டீச்சரின் முகம் வாடியிருக்கலாமா? நாற்பது நிமிடமும் சிரித்த முகமாக நின்றார். வெளியே வந்ததும் மாடிப்படி ஓரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், அவ்வளவுதான் முடிந்தது.

உள்ளே ஒன்று இருக்க, முகத்தில் வேறொன்றைக் காட்டுவதும் உழைப்புதான். ஆர்லி ஹோக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் இதற்கு உணர்வு உழைப்பு என்று பெயர் வைத்தார். விமானப் பணிப்பெண்களை வைத்து அவர் சொன்னது ஆசிரியருக்கும் அப்படியே பொருந்தும். பணிச் சோர்வை ஆராய்கிறவர்கள் அதில் மூன்று அடையாளம் சொல்வார்கள். ஆள் வற்றிப்போவது, பிள்ளைகளைப் பிள்ளைகளாகப் பார்க்காமல் ரோல் நம்பராகப் பார்க்கத் தொடங்குவது, 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற நினைப்பு. பொய்ச் சிரிப்பு இந்த மூன்றையும் வளர்க்கும். மகிழ்ச்சி வகுப்பைக் காட்சிப்பொருளாக நடத்தினால், சோர்வுக்கு மருந்து என்று கொண்டுவந்ததே சோர்வைக் கூட்டிவிடும். அந்த டீச்சர், "எங்க அம்மா இறந்துட்டாங்க, எனக்கு இன்னிக்கு மனசு சரியில்லை" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால், கையேட்டில் உள்ள எந்தக் கதையைவிடவும் அது பெரிய பாடமாக இருந்திருக்கும். அதற்கு இடம் தராத பள்ளி மகிழ்ச்சி வகுப்பு நடத்தத் தகுதியானது என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு சுமையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தீர்ப்பு சொல்லாமல் ஒருவர் காது கொடுக்கிறார் என்று தெரிந்தால், பிள்ளைகள் பேசத் தொடங்கிவிடுவார்கள். கரண்ட் போன கதை மட்டும் வராது. அப்பா குடித்துவிட்டு அடித்தது வரும். அம்மா வீட்டை விட்டுப் போனது வரும். சில நேரம், மாமா என்று கூப்பிடும் ஒருவர் தொட்டது வரும். அதைக் கேட்டுவிட்டு அடுத்த பீரியட் பின்னம் நடத்த வேண்டும். இரவு தூக்கம் வராது. யாரிடம் சொல்வது, சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கவலை வேறு.

இதில் சட்டமும் இருக்கிறது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 21ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். அதனால் பிள்ளை சொல்ல வரும்போது, "யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. உங்கள் மனம் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, அது பெரியவர்களுக்கும்தான். பயிற்சியில் கண்மூடச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்றால் அந்தப் பயிற்சி அரைகுறை.

அப்புறம் வயிற்றுப்பாடு. டெல்லியில் ஆயிரக்கணக்கான விருந்தினர் ஆசிரியர்கள், வேலை செய்த நாளுக்கு மட்டும் சம்பளம் என்ற கணக்கில் பாடம் எடுத்தவர்கள். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் நிலைத்த மகிழ்ச்சி பற்றிப் பேசச் சொல்கிறோம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களில் சிலர் மிக அருமையாக வகுப்பெடுத்தார்கள். ஆனால் மனதை அமைதியாக்குவது வேலைப் பாதுகாப்புக்கு மாற்று ஆகாது.

மகிழ்ச்சிப் பாடத்தால் எது முடியும், எது முடியாது என்பதற்குப் பூட்டானைவிட நல்ல சான்று இல்லை. தேசத்தின் மொத்த மகிழ்ச்சி என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் நாடு. பள்ளிகளுக்கு அந்தக் கொள்கை 2010 வாக்கில் வந்தது. பிறகு அலெஹாந்த்ரோ ஆட்லர் என்ற ஆய்வாளர் 18 பள்ளிகளில், 8,385 மாணவர்களை வைத்து, 15 மாதம் ஒரு பாடத்திட்டத்தைச் சோதித்தார். தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முதலில் பத்து நாள் பயிற்சி. பிறகு மனக்கவனம், பரிவு, முடிவெடுத்தல் என்று பத்துத் திறன்கள். மாணவர்களின் நலமும் கூடியது, தேசியத் தேர்வு மதிப்பெண்ணும் கூடியது. சிலபஸ் முடியாது, ரிசல்ட் குறையும் என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

அதே பூட்டானில், கடந்த சில வருடங்களாக ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். 2019இல் அரசு ஊழியர்களிலேயே ஆசிரியர்களுக்குத்தான் உயர்ந்த சம்பளம் என்று அரசு மாற்றியது. அப்படியும் போகிறார்கள். மகிழ்ச்சிப் பாடம் பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேலைப்பளு, வீட்டுச் செலவு, பிள்ளைகளின் எதிர்காலம் இதெல்லாம் ஒரு பீரியடில் தீர்கிற விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

அரசியலையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்சியின் முகமாகத் திட்டம் அறியப்பட்டால், ஆட்சி மாறும்போது அதன் கதி என்ன என்ற பேச்சு வரும். டெல்லியில் 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறியது. இப்படி ஒவ்வொரு மாற்றத்திலும் ஆசிரியர் ஒரு கையேட்டை மூடிவிட்டு இன்னொன்றைத் திறக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான், கையேடு போனாலும் தங்கக்கூடியதாக ஆசிரியருக்குள் என்ன விதைத்தோம் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அந்தச் சிவப்புப் பேனா டீச்சரின் கை பாதியில் நின்றதே, அதை எந்த அரசாணையும் திருப்பி வாங்க முடியாது.

சரி, உங்கள் பள்ளிக்கு இது வந்தால் என்ன செய்யலாம்? வட்டாரப் பயிற்சிக்குப் போகும்போது கருத்தாளரிடம் முதலில் கேளுங்கள்: இதில் எங்களுக்கு எத்தனை மணி நேரம், பிள்ளைகளுக்கு நடத்துவது எப்படி என்பதற்கு எத்தனை மணி நேரம்? முதல் எண் பூஜ்யமாக இருந்தால் எழுந்து நின்று சொல்லுங்கள். அடுத்து, இந்த பீரியட் வருவதற்கு எந்த வேலை போகிறது என்று கேளுங்கள். ஒன்றும் போகவில்லை என்றால் அது சுமைதான், எப்படிப் பெயர் வைத்தாலும். வகுப்பாசிரியரே இதை எடுப்பது நல்லது, ஏனென்றால் நம்பிக்கை தினமும் பார்க்கிறவரிடம்தான் வளரும். போட்டோ வேண்டாம், பதிவேடு வேண்டாம், 'மகிழ்ச்சியான மாணவர்' என்று பரிசு வேண்டவே வேண்டாம். டெல்லியில் சுமார் 200 வழிகாட்டி ஆசிரியர்கள் பள்ளிகளுக்குப் போய் உடன் நின்றார்கள். மேலிருந்து சோதிக்க வருகிறவராக இல்லாமல், தானும் வகுப்பெடுத்துத் தடுமாறிய ஒருவர் பக்கத்தில் உட்காருவது பெரிய பலம். அப்படி ஒருவரைக் கேளுங்கள்.

உத்தரவுக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. நான் பார்த்த ஒரு பள்ளியில் ஐந்தாறு ஆசிரியர்கள் வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிடம் உட்காருவார்கள். ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தனக்குக் கனமாக இருந்த ஒன்றைச் சொல்வார். சொல்ல விருப்பம் இல்லாதவர் பேசாமல் இருக்கலாம். யாரும் யோசனை சொல்லக் கூடாது, "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று தேற்றவும் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். இதைத் தவிர அவர்கள் வைத்திருந்த விதிகள் மூன்றே மூன்று. அந்தப் பத்து நிமிடத்தில் நோட்டுத் திருத்தக் கூடாது. அங்கே பேசியது வெளியே போகக் கூடாது. ஹெச்.எம். உள்ளே வந்தால் அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.